குருவில்லாத் திருச்சபை

யாழ்ப்பாணக் கோட்டை 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒல்லாந்தர் வசமாயிற்று. கொழும்பு அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் கைக்குப் போயிருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக இலங்கைக் கரைகளில் நிலவிய போர்த்துக்கேயர் ஆதிக்கம் அத்துடன் முடிவெய்தியது. கோட்டை கைமாறிய வரலாற்றை நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. நேயர்களே, இன்று யான் எடுத்துக்கொண்டது கோட்டைக்கு வெளியே, பனங்கூடல்களுக்கும் வயல்களுக்கும் இடையே நடந்த கதை. குருமார் அனைவரும் நாடுகடத்தப்பட்டு, கோவில்களும் கைமாறியபின், எஞ்சி நின்ற கத்தோலிக்கக் குடிமக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கினார்கள் என்பதே அக்கதை.

தொடங்குமுன் ஒன்றை ஒளியாது சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கர் அனுபவித்த துன்பம் இந்நாட்டில் முதன்முதல் நிகழ்ந்த துன்பமன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை 1621 இல் இடித்தவர் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு தே ஒலிவேறா. வேறு பல ஆலயங்களும் விகாரைகளும் அவ்வாறே அழிந்தன. அரசின் வாளை நம்பி வளர்ந்த சமயம், அவ்வாள் வேறொருவர் கைக்குப் போனபோது அதன் கூர்மையைத் தானே உணர நேர்ந்தது. ஆயினும் வாளேந்தியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். தண்டனையைச் சுமந்தவர்களோ உழவரும் மீனவரும் கைவினைஞருமாகிய உள்ளூர் மக்களே.

போர்த்துக்கேயர் காலத்தில் அறப்பணி என்பது பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் பணியாக இருந்தது. 1498 இல் லிஸ்பன் நகரில் தோன்றிய ‘மிசெரிக்கோர்தியா’ என்னும் இரக்கச் சபை, போர்த்துக்கேயர் சென்ற துறைகளுக்கெல்லாம் அவர்களைத் தொடர்ந்து சென்றது. கொழும்பிலும் அது நிலைபெற்றிருந்தது. குருமாரல்லாத இல்லறத்தார் சேர்ந்து நடத்திய சபை அது. நோயாளரைப் பராமரித்தல், விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் உதவுதல், சிறையிலிருப்போரைக் கவனித்தல், நாதியற்ற பிணங்களை அடக்கஞ்செய்தல் ஆகியன அதன் கடமைகள். சிறந்த ஏற்பாடுதான், எனினும் கோட்டைக்குள் வாழ்ந்தோரையே அது முதன்மையாக நோக்கியது. கோட்டை வீழ்ந்ததும் அதுவும் மறைந்தது.

மறையாது நின்றது ஒரு பாடம். ஞானோபதேசத்தைக் கற்ற ஒவ்வொரு குழந்தையும் சரீர சம்பந்தமான இரக்கச் செயல்கள் ஏழையும் மனனம் செய்திருந்தது. பசித்தோருக்கு உணவளித்தல், தாகமுற்றோருக்கு நீர் கொடுத்தல், ஆடையற்றோருக்கு ஆடை ஈதல், அந்நியருக்கு இடங்கொடுத்தல், நோயாளரைச் சென்று காணுதல், சிறைப்பட்டோரை மீட்டல், இறந்தோரை அடக்கஞ்செய்தல் என்பன அவை. சமாதான காலத்தில் இவற்றை ஒப்புவிப்பது எளிது. 1658 இல் ஒல்லாந்தர் பிறப்பித்த கட்டளையோ, கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று விதித்தது. அந்நியருக்கு இடங்கொடுத்தல் என்னும் நான்காவது இரக்கச் செயல் ஒரே நாளில் உயிர்போகும் குற்றமாயிற்று. அக்கட்டளையை எண்ணும்போதெல்லாம், அன்று தன் பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த தாய், நான்காவது வாக்கியத்துக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தியிருப்பாளோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒல்லாந்தர் தம் சீர்திருத்தச் சபையை நாட்டில் நிலைநாட்ட முற்பட்டனர். பிலிப்பு பல்தேயு என்னும் போதகர் யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி, தாம் கண்டவற்றை 1672 இல் ஒரு பெரு நூலாக வெளியிட்டார். போர்த்துக்கேயர் கட்டிய கோவில்கள் சீர்திருத்தச் சபையின் கோவில்களாயின. கோவில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. பிறப்பும் மணமும் பள்ளித் தோம்பிலே பதியப்பட்டன. அப்பதிவில்லாதவர் வாரிசுரிமை கோருவதும் உத்தியோகம் பெறுவதும் அரிது. ஆகவே ஊரார் பலர், சைவர்களும் கத்தோலிக்கரும் ஒருங்கே, பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்து, இரவில் வீட்டில் தம் சமயத்தைக் கைக்கொண்டனர். இதைக் கபடம் என்று பழித்த போதகர்கள் உண்டு. பழிப்பதற்கு முன், நிலத்தை இழந்தால் அக்குடும்பம் எதை உண்டிருக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

1658 இலிருந்து 1687 வரை, ஏறக்குறைய இருபத்தொன்பது ஆண்டுகள், ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் வாழ்ந்த கத்தோலிக்கருக்கு நிலையான குரு ஒருவரும் இல்லை. பிறந்தவர்கள் வளர்ந்து, மணந்து, தாமும் பெற்றோராகும் காலம் அது. கத்தோலிக்க முறைமையில் பலிபூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குரு இன்றியமையாதவர். ஆனால் ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்க எவராலும் இயலும். செபமாலை சொல்வதற்கும், இறக்கும் தறுவாயிலிருப்பவரின் அருகிலிருந்து தேற்றுவதற்கும், பிணத்தை எடுத்து அடக்கஞ்செய்வதற்கும் குரு வேண்டியதில்லை. செய்ய முடியாதவற்றுக்காக ஏங்கிக்கொண்டே, செய்ய முடிந்தவற்றை அவர்கள் செய்தார்கள். மாந்தைக் கோவிலிலிருந்த தேவமாதாவின் திருச்சொரூபத்தை ஏறக்குறைய 1670 ஆம் ஆண்டளவில் இருபது குடும்பத்தார் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று மருதமடுவிலே வைத்தனர் என்பது வழிவழி வந்த மரபு. அங்கு சென்றவர்கள் சொரூபத்தை மாத்திரமன்றித் தம் முதியோரையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டே சென்றிருப்பர்.

இந்நிலையில்தான் 1687 இல் யாழ்ப்பாணக் கரையில் ஒரு பிச்சைக்காரர் வந்திறங்கினார். கோவையைச் சேர்ந்த பெனோலிம் என்னும் ஊரில் 1651 இல் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளே அவர். கோவை என்று நான் சொல்வது மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டை. அவர் கொங்கணிப் பிராமணக் குடும்பத்தினர். 1676 இல் குருப்பட்டம் பெற்றவர். ஐரோப்பியக் குரு ஒருவர் இத்தீவில் காலடி வைத்தால் அவருடைய நிறமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இவரோ இந்நாட்டவர் நிறத்தவர். கூலியாள்போல் உடுத்து, யோவான் என்னும் பணியாளோடு தூத்துக்குடியிலிருந்து தோணியேறி வந்தார்.

வரவேற்பு எப்படியிருந்தது? நேயர்களே, இது நாம் பெருமை கொள்ளத்தக்க பகுதியன்று. கடற்பயணத்தில் அவரைக் கடும் வயிற்றுளைவு பற்றிக்கொண்டது. தொற்றுநோயென்று அஞ்சிய மக்கள் அவரை ஒதுக்கினர். ஊருக்குப் புறம்பே, கவனிப்பாரற்ற நிலையில், இருவரும் நோயோடு கிடந்தனர். அங்கே ஒரு பெண் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவளுடைய பெயரைத்தானும் அவர்கள் எழுதிவைக்கவில்லை. தன் கலயத்திலிருந்து ஊற்றியது ஒரு குருவானவருக்கு என்பது அவளுக்குத் தெரியாது. இரு பரதேசிகள் பசித்துக் கிடக்கின்றனர் என்பது மட்டும் தெரியும். பிற்காலத்தில் இத்தீவின் கத்தோலிக்கத் திருச்சபை வாஸ் அடிகளுக்கு எவ்வளவோ கடன்பட்டது. அத்திருச்சபை முழுவதும் அக்கஞ்சிக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நோய் தணிந்தபின் அவர் தம் மக்களைத் தேடத் தொடங்கினார். தேடுவது எங்ஙனம்? வெளிப்படையாக விசாரித்தால் பிடிபடுவார். ஆகவே செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். வாசலில் நின்று பிச்சை வாங்கும்போது, உள்ளிருப்போரின் பார்வை அச்செபமாலையில் எப்படிப் படுகிறது என்று கவனிப்பார். கடைசியில் ஒரு வீட்டார் அறிந்துகொண்டனர். அவர்கள் வாயிலாகச் செய்தி பரவி, பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலைக்கு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். சில்லாலை உறுதியான கத்தோலிக்கக் கிராமம். அங்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மறைந்திருந்து, இரவு வேளைகளிற் புறப்பட்டு, சுற்றுப்புற ஊர்களில் பலிபூசை செய்தும் ஞானஸ்நானம் கொடுத்தும் வந்தார்.

இரண்டு ஆண்டுகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு கிராமத்தில் மறைவு என்பது எத்தகையது என்பதை நம் கிராமங்களை அறிந்தவர்கள் அறிவர். அயல்வீட்டில் இன்று என்ன கறி என்பது வேலிக்கு இப்பால் தெரிந்துவிடும். அத்தகைய ஊரிலே ஒரு மனிதரை ஒளித்துவைப்பதற்கு ஒரு குடும்பத்தின் துணிவு போதாது. ஊர் முழுவதும் வாயை மூடியிருக்க வேண்டும். பகைத்திருக்கும் சகோதரரும், எல்லை வழக்கில் மல்லுக்கு நிற்கும் அயலாரும் ஒருவரையொருவர் நம்பியாக வேண்டும். ஒல்லாந்த அதிகாரிக்கு ஒரு சொல் சொன்னால் பழி தீர்ந்துவிடும், பரிசுங்கூடக் கிடைக்கலாம். அச்சொல்லைச் சொல்லாதிருந்ததே அவ்வூரார் ஒருவருக்கொருவர் செய்த பேருதவி.

ஈற்றில் ஒரு நத்தார் இரவில் படைவீரர் வந்து புகுந்தனர். பூசைக்குக் கூடியிருந்த பலர் பிடிபட்டனர். வாஸ் அடிகள் அகப்படவில்லை. தலைவர்களாயிருந்தோர் சிலர் கொடிய சவுக்கடிக்கும் கடூழியத்துக்கும் ஆளாயினர். சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்க சமயத்துக்கு மாறிய ஒருவர் அவ்வடியாலேயே உயிர்நீத்தார். அவர் எங்கே என்ற கேள்விக்கு அவர்களிடமிருந்து விடை கிடைக்கவில்லை. அவ்வூர்களுக்கு மேலும் தீங்கு நேராதிருக்கும்பொருட்டு அடிகள் வடக்கை விட்டு நீங்கிப் புத்தளஞ் சென்றார். 1692 இல் அங்கிருந்து கண்டியை அடைந்தார்.

கண்டி சுதந்திர இராச்சியம். ஆண்ட மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அடிகள் முதலிற் காவலில் வைக்கப்பட்டார். குற்றஞ்சாட்டியவர், தம் சமயத்தின்பொருட்டுப் பிரான்சிற் கத்தோலிக்கரால் அல்லற்பட்ட புரட்டஸ்தாந்து வகுப்பைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. காவலில் இருந்தபடியே சிங்களம் கற்று, ஓலைக்குடிசையில் ஒரு கோவிலும் அமைத்தார். கடும் வறட்சியின்போது அவர் செபித்ததும் மழை பொழிந்தது என்னும் செய்தி அவரைப் பற்றிய நூல்களில் முதன்மையான இடம்பெறும். மழையைப் பற்றி வாதிட நான் வரவில்லை. எனக்கு வியப்பளிப்பது அதற்குப்பின், 1697 இல், நிகழ்ந்தது.

அவ்வாண்டு கண்டி நகரில் வைசூரி பரவியது. இந்நோயை உலகிலிருந்தே ஒழித்தாயிற்று என 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆதலால் இக்காலத்து இளைஞருக்கு அதன் கொடுமை தெரியாது. உடல் முழுதும் கொப்புளம் எழும், நா வறளும், படுக்கையிற் புரளவும் முடியாது. மருந்து கிடையாது. ஆயினும் நீரும் கஞ்சியும் வேளைக்குக் கிடைத்து, உடலும் துணியும் சுத்தமாக இருக்குமாயின் பலர் பிழைத்தெழுவர். கைவிடப்பட்டவர்களோ நோயால் மட்டுமன்றித் தாகத்தாலும் பசியாலும் இறப்பர். அச்சத்தால் நகர மாந்தர் ஓடினர். நோயுற்றோரைக் காடுகளிலும் தெருக்களிலும் விட்டுச் சென்றனர். வாஸ் அடிகளும், கோவையிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவர் உறவினரான யோசேவ் கர்வாலோ அடிகளும் அங்கேயே தங்கினர். வெறிச்சோடிக் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினர். நாள்தோறும் சென்று கைவிடப்பட்டோரைத் தேடியெடுத்து வந்து, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே புதைத்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்னும் வேற்றுமை அங்கே பார்க்கப்படவில்லை. மன்னனுடைய மதிப்பும் சமயப்பணிக்கான சுதந்திரமும் அதன் விளைவாகக் கிடைத்தன. பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் அவரே நோயாளியாய்க் கைவிடப்பட்டுக் கிடந்தார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

இவையெல்லாம் தனி மனிதர் ஒருவரின் தியாகம் என்று சொல்லி முடித்துவிடலாம். அவ்வாறு முடித்தால் அவருடைய காரியங்களுள் மிக நீடித்த ஒன்றை விட்டவராவோம். தாம் ஒருவர், அல்லது தம்மோடு வந்த சிலர், தீவு முழுவதையும் தாங்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு கிராமத்துக்குக் குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறை வருவதே அரிது. எனவே அவரும் அவருக்குப்பின் வந்த ஒரட்டோரியன் குருமாரும் ஊர்தோறும் இரண்டு பொறுப்புகளை நிலைப்படுத்தினர். ஒருவர் மூப்பர். கோவிலின் உடைமை, வரவு செலவு, குருவானவரின் வருகைக்கான ஏற்பாடு ஆகியன அவர் பொறுப்பு. மற்றவர் அண்ணாவியார். ஞாயிறுதோறும் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும், ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும், மரணப் படுக்கையிற் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று செபிப்பதும் அவர் கடமை.

இவ்வமைப்பு முற்றிலும் புதியதன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர், 1542 இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் உபதேசியாரை நியமித்திருந்தார். அண்ணாவி என்பதோ திண்ணைப் பள்ளி ஆசிரியரையும் கூத்துப் பழக்குபவரையும் குறிக்க நம்மவர் வழங்கிய சொல். கடல்கடந்து வந்த பட்டப்பெயரொன்றைச் சூட்டாது, ஊரார் ஏற்கெனவே மதித்துவந்த பெயரையே இவர்கள் எடுத்தாண்டனர். அச்சொற்கள் மொழியெல்லையையும் கடந்தன. மேற்குக் கரையில் வாழும் சிங்களக் கத்தோலிக்கரும் ‘மூப்பு’, ‘அண்ணாவி’ என்றே வழங்கலாயினர்.

மரணப் படுக்கை என்றேன். அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குருவில்லாத ஊரில் ஒரு கிழவர் உயிருக்குப் போராடுகிறார். பாவசங்கீர்த்தனம் செய்யாது சாகப்போகிறோமே என்னும் அச்சம் நோயிலும் கொடியது. அண்ணாவியார் வந்து, உத்தம மனஸ்தாப மந்திரத்தை மெதுவாக, அவர் திருப்பிச் சொல்லத்தக்க வேகத்தில் சொல்லிக்கொடுக்கிறார். நா எழாவிட்டால், மனத்தினாற் சொன்னாலும் போதும் என்கிறார். வீட்டிற் கூடியிருக்கும் அயலார் செபமாலை சொல்கின்றனர். இறந்தபின் அவர்களே பாடை கட்டுகின்றனர். அவர்கள் வீட்டிலிருந்தே துக்க வீட்டாருக்கு உணவு வருகின்றது. துக்க வீட்டில் உலை வைக்கலாகாது என்பது சமயபேதமின்றி நம் நாட்டவர் அனைவருக்கும் பொதுவான வழக்கம். அவ்வழக்கத்தோடு ஞானோபதேசத்தின் ஏழாவது இரக்கச் செயல் முரண்படவில்லை, ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

1705 இல் இத்தீவுக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி, இந்த அண்ணாவிமார் கையில் ஏடு கொடுத்தார். தபசு காலத்தில் வாசிக்கப்படும் ‘வியாகுலப் பிரசங்கம்’ அவருடையது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதவர்கள் சூழ்ந்திருந்து கேட்டு அழுவதற்கென எழுதப்பட்ட நூல் அது.

குறைகளையும் சொல்லாவிட்டால் இப்பேச்சு வரலாறாகாது. ஊரின் செல்வாக்குடைய குடும்பங்களிலிருந்தே மூப்பர்கள் பெரும்பாலும் வந்தனர். பதவி சில இடங்களில் பரம்பரைச் சொத்தாயிற்று. சாதி வேற்றுமை கோவில் வாசலோடு நின்றுவிடவில்லை. ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர்கள் வெவ்வேறு இடங்களில் அமர்ந்தனர். அவ்வழக்கம் யாழ்ப்பாணத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அன்னியக் குருவை உயிரைப் பணயம் வைத்து ஒளித்த கைகள், பக்கத்துத் தெருவானைத் தொடத் தயங்கின. மற்றொரு புறம், ஒல்லாந்தரை இரக்கமற்றோர் என்று தள்ளிவிடுவதும் தவறு. அவர்கள் சபையில் ஏழைகளைப் பராமரிப்பதற்கென்றே மூலதனமும் பொறுப்பாளரும் இருந்தனர். கொழும்புக்கு வடக்கே ஏந்தலையில் 1708 இல் அவர்கள் கட்டிய தொழுநோயாளர் இல்லம் அவர்கள் ஆட்சி போனபின்னரும் இயங்கிவந்தது.

வாஸ் அடிகள் 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியில் காலமானார். மூன்று தசாப்தங்களின் பின், மன்னன் சிறீ விசய இராசசிங்கன் காலத்தில் அங்கும் காற்று மாறியது. குருமார் வெளியேற்றப்பட்டனர், கோவில் அழிந்தது. அவர் கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. 2015 சனவரி 14 ஆம் நாள், அந்நாளைய திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் புனிதரெனப் பிரகடனம் செய்து, அன்று பிற்பகலே மருதமடுவுக்குச் சென்றார்.

ஒல்லாந்தரிடமிருந்து கரையோரங்களை ஆங்கிலேயர் 1796 இல் கைப்பற்றினர். கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்களைத் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806 இல் நீக்கினார். 1658 இலிருந்து எண்ணினால் நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள். அச்செய்தி சில்லாலைக்கும் மன்னார்க் கரையூர்களுக்கும் எட்டியபோது, அங்கே திருச்சபையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஓலைக் கொட்டிலிலே அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமைச் செபத்தை வழக்கம்போல் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த முறை குருவானவர் வரும்போது எந்த வீட்டில் தங்குவார் என்பதை மூப்பர் முன்னமே பேசி வைத்திருந்தார்.